மூடியைத் திறந்ததுக்கு 200 ரூபாயா?

தக்காளி நடவு, போர் மோட்டார் ரிப்பேர் என்று ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னைக்கு எழுதப்போறது விவசாயம் இல்லை, எங்க வீட்டு வண்டியைப் பற்றி. ஆனா கடைசியில் தக்காளிச் செடிகிட்டதான் வந்து நிற்கும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க வண்டி மாருதி ஆம்னி, 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. 2011-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பின் சீட்டைக் கழட்டினால் தக்காளிப் பெட்டி ஏறும், மாட்டினால் குடும்பம் ஏறும். அய்யலூர் மார்க்கெட்டுக்கும் அதுதான், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். "இன்னும் இதையா வச்சிருக்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. 796 சிசி, மூணு சிலிண்டர். அந்தச் சின்ன இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷம் எங்களைக் காப்பாத்தியிருக்கு. 1984-ல் வந்த வண்டி வகை இது, 2019-ல் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. எங்க பக்கத்துக் கிராமங்களில் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

போன வருஷம் சித்திரையில் இருந்து இதுக்கு ஒரு வியாதி. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ரெண்டு தடவை மூச்சு முட்டின மாதிரி இழுக்கும், அப்புறம் ஆஃப். செல்ஃப் அடிச்சா சுத்தும், பிடிக்காது. பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு மறுபடி அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிடும். அடுத்த ஒரு வாரம் ஒழுங்கா ஓடும். இனி நிக்காதுன்னு நம்ப ஆரம்பிக்கும்போது மறுபடி நிக்கும்.

அடியோடு கெட்டுப்போன வண்டியைச் சரிபண்றது சுலபம். கெட்டது கெட்டபடியே இருக்கும், தேடிக் கண்டுபிடிச்சிடலாம். விட்டு விட்டு வர்ற கோளாறு அப்படி இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனா வண்டி நல்ல பிள்ளையா நிக்கும். ராத்திரியெல்லாம் அனத்தின பிள்ளை டாக்டர் வீட்டு வாசல்ல போனதும் சிரிச்சு விளையாடுமே, அந்தக் கதைதான்.

முதல் பட்டறையில் "சூடுண்ணே, கரண்ட் கட் ஆகுது" என்றார்கள். பிளக் மூணு, ஒயர் செட், காயில் மாத்தினோம். 2,300 ரூபாய். ரெண்டாவது பட்டறையில் கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி கிட் மாத்தினார்கள். 2,600. மூணாவது இடத்தில் ஏசி பம்ப்பும் ஃபில்டரும் மாத்தினார்கள், 2,100. (புதுசா படிக்கிறவங்களுக்கு: ஏசி பம்ப் என்றால் குளிர்சாதனம் இல்லைங்க. டேங்கில் இருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குக் கொடுக்கிற பம்ப்புக்குப் பட்டறைப் பேர் அது.) அதுக்கப்புறமும் நின்னதால், "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கான், ரப்பரைத் தின்னுடும்" என்று ஹோஸ் எல்லாம் மாத்தினேன், 900. ஒரு நாள் கட்டி இழுத்து வந்த வாடகை 1,500. மொத்தம் 9,400 ரூபாய்.

ஒவ்வொரு தடவையும் மாத்தினதும் நாலைஞ்சு நாள் நல்லா ஓடும். "பார்த்தீங்களா, காயில்தான்" என்பார் மெக்கானிக். நானும் தலையாட்டிட்டுப் பணம் கொடுத்துட்டு வருவேன். அப்புறம் நிக்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத்திணறல். 108-க்குக் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடாதது என் தப்பு. "வண்டிதான் வாசல்ல நிக்குதே" என்று கிளம்பிட்டேன். வழியில் நின்னுடக்கூடாதுன்னு முன்னெச்சரிக்கையா பங்க்கில் டேங்க்கை முழுசா நிரப்பினேன். இந்த ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்குங்க, பின்னாடி வரும். தாமரைப்பாடி தாண்டும்போது, திருச்சி நாற்கர சாலையில், ஒரு லாரியை ஏறிப் போய்க்கொண்டிருக்கும்போது, வலது பக்க லேனில் வண்டி ஆஃப். பின்னாடி இன்னொரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஓடின வேகத்திலேயே உருட்டி இடது ஓரம் சேர்த்தேன். அம்மா பின் சீட்டில் என் வீட்டம்மா தோளில் சாய்ஞ்சு கிடக்கு. பன்னிரண்டு நிமிஷம். ஒவ்வொரு நிமிஷமும் செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியும் இறங்கிப்போச்சு. கடைசியில் எப்படியோ பிடிச்சுது, போய்ச் சேர்ந்தோம். அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அன்னைக்கு ரோட்டோரம் நின்ன பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தான் இந்தப் பதிவு.

இதுக்கப்புறம் எரியோடு பக்கம் ஒரு தம்பியிடம் போனேன். பெரும்பாலும் டிராக்டரும் சின்ன லோடு வண்டியும் பார்க்கிறவர். சீட்டைத் தூக்கக்கூட இல்லை. டீ சொல்லிட்டுக் கேள்வி கேட்டார்.

"எப்ப நிக்குதுண்ணே?"

"எப்ப வேணா நிக்குது தம்பி."

"எப்ப வேணான்னு ஒண்ணு கிடையாதுண்ணே. சரி, நிக்காத நாள் எது? அதைச் சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியலை. மாசக்கணக்கா வண்டியோட மல்லுக்கட்டியிருக்கேன், அது நிக்காத நாளைப் பற்றி ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

எங்க வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அன்னன்னிக்குச் செலவை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, தாளைக் கிழிச்சு ஒரு கம்பியில் குத்தி வைப்போம். அப்பா காலத்துப் பழக்கம். அந்தக் கட்டை எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி வச்சேன். வண்டி நின்ன நாள் ஏழு எனக்கு ஞாபகம் இருந்தது. அதில் ஆறு நாள் தாளில் பெட்ரோல் செலவு இருந்தது. அதுவும் நூறு இருநூறு இல்லை, ஃபுல் டேங்க் அடிச்ச செலவு. அதில் ஒரு நாள் மார்கழி விடியக்காலை, பனி கொட்டுற நேரம்.

"அப்ப சூடு இல்லைண்ணே" என்றார். "இதே மாதிரி டேங்க்கை நிரப்பிட்டு வாங்க, நானும் கூட வர்றேன்."

ஒரு பழைய பிளக், ஒரு பாட்டில், ஒரு ஸ்பேனர் செட் எடுத்துக்கிட்டு ஏறி உட்கார்ந்தார். பதினாலாவது கிலோமீட்டரில் சொன்ன மாதிரி இழுத்து நின்னுச்சு. நான் வழக்கம்போல் சாவியில் கை வைக்கப்போனேன். "தொடாதீங்கண்ணே. இந்த நிமிஷத்துக்குத்தான் வந்திருக்கோம்" என்றார்.

முதலில் சீட்டைத் தூக்கி ஒரு பிளக் ஒயரைக் கழட்டி, கொண்டுவந்த பிளக்கை மாட்டி இன்ஜின் மேல் வைத்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீல நிறத்தில் பளிச் பளிச்னு பொறி. கரண்ட் இருக்கு. அப்போ காயில், பிளக், ஒயர் எதுவும் குற்றவாளி இல்லை. அப்புறம் அந்த ஒயரைத் திரும்ப மாட்டிட்டு, காயில் ஒயரைக் கழட்டி எர்த்தில் வச்சார், பெட்ரோல் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. கார்புரேட்டருக்கு வர்ற ஹோஸைக் கழட்டிப் பாட்டிலில் விட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். சொட்டு சொட்டாத்தான் வந்தது. பம்ப் புதுசு, ஃபில்டர் புதுசு, ஹோஸ் புதுசு, டேங்க் நிறையப் பெட்ரோல். ஆனா வரலை.

எழுந்து போய் டேங்க் மூடியை மெதுவாத் திருகினார். "ஸ்ஸ்ஸ்" என்று காத்து உள்ளே இழுக்கிற சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். பாட்டிலில் பெட்ரோல் பீய்ச்சி அடிச்சுது.

அவ்வளவுதான். மொத்தம் ஏழெட்டு நிமிஷம்.

எண்ணெய் டின்னை உடைக்கும்போது நாம ரெண்டு ஓட்டை போடுவோம். ஒண்ணு எண்ணெய் வர, இன்னொண்ணு காத்து உள்ளே போக. ஒரே ஓட்டை போட்டால் கொஞ்சம் ஊத்தும், அப்புறம் நின்னுடும். பெட்ரோல் டேங்க்கும் அதே கதைதான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலைன்னா டேங்க்கே பெட்ரோலைத் திரும்ப இழுத்துப் பிடிச்சுக்கும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. டேங்க் நிறைய இருக்கும்போது உள்ளே காத்துக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் ஒரு லிட்டர் குறையுறதுக்குள்ளயே இழுப்பு அதிகமாகிடும். அரை டேங்க் இருந்தால் உள்ளே காத்து நிறைய இருக்கும், அய்யலூருக்குப் போய்த் திரும்புற தூரத்துக்கு ஒண்ணும் தெரியாது. நின்ன பிறகு பத்து நிமிஷம் காத்திருந்தா, எங்கேயோ இருக்கிற நூல் கசிவு வழியா மெல்லக் காத்து நுழைஞ்சிடும், வண்டி ஸ்டார்ட் ஆகிடும். நாங்க என்னமோ இன்ஜின் ஆறிடுச்சுன்னு நினைச்சோம்.

பட்டறையில் ஏன் யாருக்கும் நிக்கலைன்னும் இப்பப் புரிஞ்சுது. பட்டறைக்குப் போகும்போது யாரு ஃபுல் டேங்க் அடிப்பா? ரெண்டு லிட்டரோடதான் போவோம். தூரப் பயணம், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்றால்தான் நிரப்புவோம். "முக்கியமான நாள் பார்த்து நிக்குதே, யார் விட்ட சாபமோ" என்று எங்க வீட்டில் திருஷ்டிகூடச் சுத்திப்போட்டாங்க.

இது எப்படி வந்தது? பங்குனியில் பங்க்கில் மூடியை வண்டி மேல் வச்சுட்டு மறந்து கிளம்பிட்டேன். தொலைஞ்சுபோச்சு. கடையில் 120 ரூபாய்க்குச் சாவி போட்ட மூடி ஒண்ணு வாங்கி மாட்டினேன். பழைய மூடியில் காத்து உள்ளே போறதுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கும். புது மூடியில் அது இல்லை. டேங்க்கில் இருந்து வர்ற பிரீதர் குழாயின் வாயில் எப்பவோ குளவி மண்கூடு கட்டி அடைச்சிருக்கு. அது அடைச்சிருந்தும் பழைய மூடி சமாளிச்சுக்கிட்டு இருந்திருக்கு. மூடி போனதும் ரெண்டு வழியும் அடைபட்டுப்போச்சு. பங்குனியில் மூடி மாத்தினேன், சித்திரையில் வண்டி நின்னுச்சு. பக்கத்துப் பக்கத்து மாசம். மூணு பட்டறையிலும் "கடைசியா வண்டியில் என்ன மாத்தினீங்க?" என்று ஒருத்தரும் கேட்கலை, நானும் சொல்லலை. மூடியெல்லாம் ஒரு விஷயமான்னு நினைச்சிருந்தேன்.

தம்பி கம்பி விட்டு மண்ணைக் குத்தி எடுத்தார். "மூடியில் நீங்களா ஓட்டை போடாதீங்கண்ணே, வண்டி சாய்ஞ்சா பெட்ரோல் ஒழுகும். சரியான மூடி வாங்கிப் போடுங்க" என்றார். கூலி எவ்வளவுன்னு கேட்டேன். 200 ரூபாய்.

இங்கேதான் என் மனசு செஞ்ச வேலையை வெளிப்படையா எழுதணும். கொடுத்தேன். ஆனா உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு: "மூடியைத் திறந்து மூடினதுக்கு 200 ரூபாயா? ஒரு சாமான்கூட மாத்தலையே!" ஒண்ணுக்கும் உதவாத சாமானுக்கு 9,400 ரூபாய் கொடுக்கும்போது வராத முணுமுணுப்பு, உண்மையைக் கண்டுபிடிச்சவருக்கு 200 கொடுக்கும்போது வந்தது. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் இதேதான் யோசனை.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். நாம கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கொடுக்கிறதில்லை, மாத்துற வேலைக்குத்தான் கொடுக்கிறோம். அதனால்தான் மெக்கானிக்குகள் மாத்துறாங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒருத்தர் அரை நாள் நம்ம கூட வண்டியில் சுத்தி, "காயில் நல்லா இருக்கு, பம்ப் நல்லா இருக்கு, மூடிதான்" என்றால், அந்த அரை நாளுக்கு நாம 50 ரூபாய்கூடக் கொடுக்க யோசிப்போம். அதே ஆள் பழைய காயிலைக் கையில் கொடுத்து "இதான் போச்சு" என்றால் சந்தோஷமா 1,000 கொடுப்போம். கையில் ஒரு பழைய சாமான் வந்தால்தான் நமக்கு வேலை நடந்த மாதிரி இருக்கு. அப்புறம் அவர் என்ன செய்வார்? அவருக்கும் பட்டறை வாடகை, கையாள் சம்பளம் இருக்கே.

"மாத்திப் பார்க்கிறதும் ஒரு கண்டுபிடிப்புதானே?" என்று என் மச்சான் கேட்டார். ஒரு வகையில் உண்மைதான். நல்லா ஓடுற வண்டியில் இருந்து ஒரு காயிலைக் கழட்டி இதில் மாட்டி, நிக்குதான்னு பார்த்துட்டு, நிக்குதுன்னா திரும்பக் கழட்டிக் கொடுத்தால் அது சோதனை. பில் போட்டுப் புதுசை மாட்டிட்டு அனுப்பினால் அது சோதனை இல்லை, என் காசில் ஆடுற சூதாட்டம். அதோட, ஒரே நேரத்தில் நாலு சாமான் மாத்தினால், ஒருவேளை சரியானாலும் எதனால் சரியானதுன்னு யாருக்கும் தெரியாது.

சூடு என்று எல்லாரும் சொன்னதுக்கும் காரணம் இருக்கு, அதையும் சொல்லணும். அம்பாசிடர், பத்மினி காலத்தில் வெயிலில் ஏசி பம்ப் சூடேறி, பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாகிடும். பம்ப்பால் ஆவியை இழுக்க முடியாது, வண்டி நிக்கும். டாக்சி டிரைவர்கள் ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுத் தண்ணி ஊத்துவாங்க. பத்து நிமிஷத்தில் கிளம்பிடும். சின்ன வயசில் நானே பார்த்திருக்கேன். அந்த அனுபவத்தில் வந்த மெக்கானிக்குகளுக்கு, பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்புதுன்னா சூடுதான். அனுபவம் நல்லதுதான். ஆனா மார்கழி விடியக்காலையிலும் நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அனுபவமே அவங்களைத் திருப்பி விட்டிருக்கும்.

எத்தனால் மேல் பழி போட்டதையும் இங்கேயே சொல்லிடுறேன். நானும் மக்காச்சோளம் போடுறவன், அதில் இருந்தும் எத்தனால் எடுக்கிறாங்க, அதனால் நான் ஒரு பக்கமா பேசுறேன்னு நினைக்காதீங்க. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுக்க வந்துடுச்சு. 2021-ல் நிதி ஆயோக் போட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு 10 சதவீதத்துக்குச் சரிசெஞ்ச கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம்னு சொல்லியிருக்கு. பழைய வண்டி ரப்பர் ஹோஸ் அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சது இல்லை. எத்தனால் தண்ணியை இழுக்கும், நாள்கணக்கா நிக்கிற வண்டி டேங்க்கில் அது தொல்லைதான். எல்லாம் சரி. ஆனா என் வண்டி நின்னது அதனால் இல்லை. பழி போடப் பெருசா ஒண்ணு கிடைச்சதும், பக்கத்தில் இருந்த 120 ரூபாய் மூடியைப் பார்க்க எனக்குத் தோணலை.

சரி, கண்டுபிடிக்கிற வேலையில் நம்ம பங்கு என்ன? மெக்கானிக்கால் நம்ம கூடவே குடியிருக்க முடியாது. வண்டி நிக்கிற நேரத்தில் கூட இருக்கிறது நாமதான். அந்தத் தம்பியிடம் கேட்டும், நானே பட்டும் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

எப்படி நின்னுச்சுன்னு கவனிங்க. இழுத்து இழுத்து, சக்தி குறைஞ்சு நின்னால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நின்னால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். ஓடும்போதா, சிக்னலில் நிற்கும்போதா? நிற்கும்போது மட்டும்னா ஸ்லோ ரன்னிங், அடைச்ச ஜெட், காத்து கசியுற குழாய்ன்னு தேடலாம். பள்ளத்தில் விழும்போதுன்னா பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், சாவி சுவிட்ச், ஏதாவது ஒரு தளர்ந்த ஒயர். மழையிலா, ஈரத்திலா? அப்போ டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர். டேங்க்கில் எவ்வளவு இருந்தது? கடைசியா என்ன மாத்தினீங்க, கழுவினீங்க, கழட்டினீங்க? இதையெல்லாம் தேதியோட எழுதி வைங்க. நாலு தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

எம்பிஎஃப்ஐ வண்டி வச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான். அதில் டேங்க்குக்குள்ளயே மோட்டார் பம்ப், கூட ரிலே, கிராங்க் சென்சார். சென்சார் சூட்டில் செத்து ஆறினதும் உயிர் வர்றதும் உண்டு. கம்ப்யூட்டர் மாட்டினால் தெரிஞ்சிடும்னு நினைக்காதீங்க. அது எந்தப் பக்கம் தேடணும்னு கை காட்டும், அவ்வளவுதான். சென்சார் கெட்டிருக்கா, அதுக்குப் போற ஒயர் கெட்டிருக்கான்னு ஒரு ஆள் குனிஞ்சு பார்த்தால்தான் தெரியும்.

ஓடும்போது நின்னால் ஒண்ணு ஞாபகம் வைங்க. இன்ஜின் நின்னதும் பிரேக் ஒண்ணு ரெண்டு தடவைதான் லேசா இருக்கும், அப்புறம் மிதி கல்லு மாதிரி ஆகிடும். பலமா மிதிச்சா பிடிக்கும். திரும்பத் திரும்ப மிதிச்சு வீணாக்காதீங்க. பவர் ஸ்டியரிங் வண்டின்னா ஸ்டியரிங்கும் கனமாகும். பதட்டத்தில் சாவியை உருவிடாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும். நாலு பக்கமும் இண்டிகேட்டர் போட்டு, ஓடுற வேகத்திலேயே ஓரம் சேருங்க. ஆட்களை இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்க. அன்னைக்கு ராத்திரி நான் அதைச் செய்யலை, அம்மாவை வண்டிக்குள்ளயே வச்சிருந்தேன்.

"சும்மா ஆஃப் ஆகுது, அப்புறம் கிளம்பிடுது" என்று நாம சாதாரணமாச் சொல்றோம். இது நம்ம ஊர்ப் பட்டறைப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கோபால்ட் மாதிரியான கார்களில் சாவி சுவிட்சின் பிடிப்பு தளர்வா இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, பள்ளத்தில் குலுங்கினாலோ சாவி தானா நழுவி இன்ஜின் நிக்கும். இன்ஜின் நின்னதோட காற்றுப் பையும் வேலை செய்யாது. வண்டி நிக்கிறதை ரொம்ப நாள் வாடிக்கையாளருக்கு ஒரு அசௌகரியம் என்ற கணக்கிலேயே கம்பெனி வச்சிருந்தது. 2014-ல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சாங்க. அந்தக் கோளாறோடு சேர்ந்து 124 சாவுகளுக்கு நஷ்டஈடு ஏற்கப்பட்டது. இடையில் அந்த சுவிட்சை மாத்தி அமைச்சும், பாக எண்ணை மட்டும் மாத்தாமல் விட்டுட்டாங்க. வெளியில் இருந்து ஒரு இன்ஜினியர் பழைய சுவிட்சையும் புது சுவிட்சையும் பக்கத்தில் வச்சு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் வெளியே வந்தது. அத்தனை பெரிய கம்பெனியிலும் கேட்கப்படாத கேள்வி "இதில் கடைசியா என்ன மாறிச்சு?" என்பதுதான். இதைப் படிச்சதும் நான் செஞ்ச முதல் வேலை, மோட்டார் ரூம் சாவி, வீட்டுச் சாவி, கிட்டங்கிச் சாவி எல்லாம் தொங்கின கொத்தில் இருந்து வண்டிச் சாவியைத் தனியா எடுத்தது.

இப்போ தக்காளிக்கு வர்றேன். இலை சுருண்டால் நாம என்ன செய்யறோம்? ஒரு கிளையை ஒடிச்சு மருந்துக் கடைக்குக் கொண்டுபோறோம். கடைக்காரர் ரெண்டு பாட்டில் கொடுப்பார். அடிச்சுப் பார்ப்போம், கேட்கலைன்னா வேற ரெண்டு பாட்டில். இலைச்சுருட்டு வைரஸ் என்றால் அதைப் பரப்புறது வெள்ளை ஈ. வைரஸ் வந்த செடிக்கு எந்தப் பூஞ்சாண மருந்தும் கேட்காது. அந்தச் செடியைப் பிடுங்கிட்டு ஈயைக் கட்டுப்படுத்தணும். வயலுக்கு வந்து இலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்ற ஆளுக்கு நாம காசு கொடுக்க மாட்டோம். பாட்டில் விற்கிறவருக்குக் கொடுப்போம். மண் பரிசோதனைக்கு மண்ணை எடுத்துக் கொடுக்கச் சோம்பல், மூட்டை மூட்டையா டிஏபி போடச் சோம்பல் இல்லை. என் வண்டிக்கு நான் செஞ்சதும் என் செடிக்கு நான் செய்யறதும் ஒண்ணுதான்னு அந்த 200 ரூபாய் எனக்குப் புரிய வச்சுது.

அதனால் என் கோரிக்கை, மெக்கானிக் தம்பிகளுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. தம்பிகளே, "பார்க்கிற கூலி" என்று தனியா ஒண்ணு வாங்குங்க. முன்னாடியே சொல்லிடுங்க: பார்த்துச் சொல்றதுக்கு இவ்வளவு, சாமான் மாத்தினாலும் மாத்தாட்டியும் இவ்வளவு. கூச்சப்படாதீங்க. நாமளும் அதைப் பேரம் பேசாமல் கொடுக்கணும். முன்னூறு ரூபாய் கொடுத்து உண்மையைத் தெரிஞ்சுக்கிறது, மூவாயிரம் கொடுத்து நம்பிக்கை வாங்கறதைவிட மலிவு.

போன வெள்ளிக்கிழமை எரியோடு பக்கம் போனப்ப அந்தத் தம்பி பட்டறையில் ஒரு கூடை தக்காளி இறக்கிட்டு வந்தேன். "எதுக்குண்ணே, அன்னைக்கே கூலி கொடுத்துட்டீங்களே" என்றார். கொடுத்தேன்தான், முணுமுணுத்துக்கிட்டே கொடுத்தேன்னு அவர்கிட்டச் சொல்லலை. இங்கே எழுதிட்டேன்.

சரியான மூடி 350 ரூபாய் ஆச்சு. ஒரு நூல் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கேன், இனிமே மறந்து போகாது. தை மாசத்தில் இருந்து ஃபுல் டேங்க்கோடு ஒன்பது தடவை திண்டுக்கல் போய் வந்தாச்சு, நிக்கலை. நாள்காட்டித் தாளில் எழுதியிருக்கேன்.